பத்தாயிரம் சோறு பதம்

“நூறு ஆட்டம் விட்டுப் பார்த்தன், அம்பத்திரண்டு புள்ளி எடுத்திருக்கு மனே. புதுசு பலம்தான்.”

செஸ் எஞ்சின், அதாவது தானாகச் செஸ் ஆடுகிற ப்ரோகிராம், எழுதுகிற பொடியன்மார் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். புதிய பதிப்பைப் பழையதோடு மோதவிட்டுப் பார்த்த கணக்கு அது; வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு அரை. அந்த அம்பத்திரண்டைப் பிரித்துப் பார்ப்போம். 27 வெற்றி, 23 தோல்வி, 50 சமநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பலமுள்ள இரண்டு எஞ்சின்களை மோதவிட்டாலும், மூன்று தரத்துக்கு ஒரு தரம் போலப் புதியது இந்த அளவோ இதைவிடக் கூடவோ முன்னுக்கு நிற்கும். காசை 50 தரம் சுண்டும்போது 27 தலை விழுவதும் இதுவும் ஒரே கணக்குத்தான். அதற்காக யாரும் காசில் கோளாறு என்று சொல்வதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரே உலை, ஒரே அரிசி, ஒரே நெருப்பு. ஒன்று வெந்தால் மற்றதும் வெந்திருக்கும். செஸ் ஆட்டங்கள் அப்படி ஒன்றாக வேகிறதில்லை. அம்பாறைப் பக்கம் நெல் வாங்க வருகிறவர் மேல் மூட்டையை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார், அடி மூட்டைக்குள்ளும் கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். எஞ்சினுக்கும் அந்தப் புத்திதான் வேணும். என்ன, இங்கே கை விடவேண்டிய மூட்டைகள் பத்தாயிரம்.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கம்பஸ் ஹொஸ்டலில் இருக்கிற ஒரு சாதாரண லப்டொப் இதற்குப் போதும். சேர்வர் தேவையில்லை. பொறுமையும், ஆட்டம் தொடங்க முதலே சில முடிவுகளை எழுதி வைக்கிற பழக்கமும் இருந்தால் சரி.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஈலோ என்பது ஆடுகிறவரின் பலத்தை எண்ணால் அளக்க, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்பாட் ஈலோ வகுத்த முறை. உலக செஸ் சம்மேளனம் 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. எடுத்த புள்ளி மொத்தத்தில் 50 சதவீதத்துக்குக் கிட்ட இருந்தால், ஒவ்வொரு சதவீதமும் ஏறத்தாழ 7 ஈலோ. 52 சதவீதம் என்றால் 14, 55 என்றால் 35, 64 என்றால் 100. ஆட்டங்களில் பாதி சமநிலையில் முடிகிறது என்று எடுத்தால், 95 சதவீத நம்பிக்கைக்கான பிழை எல்லையை மனக்கணக்காகவே போடலாம்: 480ஐ ஆட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100 ஆட்டத்துக்குக் கூட்டல் கழித்தல் 48 ஈலோ. 1,000க்கு 15. 10,000க்கு 4.8. 40,000க்கு 2.4. பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் ஆட்டத்தை நாலு மடங்காக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. அந்த அம்பத்திரண்டு புள்ளியின் 14 ஈலோ, 48 பிழைக்குள்ளே எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் கைக்குழந்தையாக இருக்கும்போது இது பெரிதாக உறைக்காது. ஏற்கெனவே தேடிய நிலைகளை ஞாபகம் வைக்கிற ஹாஷ் டேபிள் இல்லாத எஞ்சினுக்கு அதைச் சேர்த்தால், நகர்த்தல்களை ஒழுங்கான வரிசையில் தேடவிட்டால், ஐம்பது நூறு என்று ஈலோ ஏறும்; சில நூறு ஆட்டமே அதைக் காட்டிவிடும். வளர்ந்த எஞ்சினில் ஒரு மாற்றம் 3 ஈலோ தந்தால் பெரிய காரியம். ஸ்டொக்ஃபிஷ் என்ற பலமான எஞ்சினை எழுதுகிறவர்கள் 2013இலிருந்து ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டில், தொண்டர்கள் இரவல் கொடுக்கிற கணினிகளில், ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் பல்லாயிரம் ஆட்டத்தில் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். முதலில் ஒரு பக்கத்துக்கு ஆட்டம் முழுவதற்கும் 10 செக்கனும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலதிகமாக 0.1 செக்கனும், அதில் தேறினால் 60 செக்கனும் 0.6 செக்கனும் என்று இரண்டு கட்டம்.

நம்முடைய லப்டொப்புக்கு எவ்வளவு ஓடும்? 8 செக்கன், நகர்த்தலுக்கு 0.08 செக்கன் என்று வையுங்கள். 60 நகர்த்தல் போகிற ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சிப்போனால் 25 செக்கன். நாலு கோர் உள்ள கணினியில் மூன்று ஆட்டம் சமகாலத்தில் ஓடவிட்டால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ஆட்டம் வரும். அதே கணினியில் 60 செக்கனும் 0.6 செக்கனும் வைத்தால் நாளைக்கு 1,300 சொச்சம்தான். நீண்ட நேரம் கொடுத்தால்தான் எஞ்சின் உண்மையாக விளையாடும் என்று ஐந்து நிமிச ஆட்டம் இருபது விடுகிறவர்கள் உண்டு. அந்த இருபது ஆட்டம் அழகாக இருக்கும், பார்த்து ரசிக்கலாம். பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இரண்டு எஞ்சினும் உண்மையிலேயே இரண்டா?

சிரிக்க வேண்டாம். பெயர் இரண்டு, ஃபைல் ஒன்று என்று ஒரு நாள் முழுக்க ஓடிய பரிசோதனைகள் உலகத்தில் நிறைய. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் தனித்தனி ஃபோல்டரில், பதிப்பு எண் ஃபைல் பெயரிலேயே தெரியும்படி வையுங்கள். பிறகு இரண்டிலும் பெஞ்ச் கட்டளையை ஓட்டுங்கள். குறித்த சில நிலைகளைக் குறித்த ஆழம் வரை தேடி, மொத்தம் எத்தனை நோட் (தேடலில் எட்டிய நிலை) பார்த்தது என்ற எண்ணை அது தரும். உங்கள் எஞ்சினில் அப்படி ஒரு கட்டளை இல்லையென்றால் வேறு எதையும் தொட முதல் அதை எழுதுங்கள், அரை மணித்தியால வேலை. தேடலை மாற்றியிருந்தால் இரண்டு எண்ணும் வேறாக இருக்க வேண்டும். வேகத்தை மட்டும் கூட்டியதாக நீங்கள் நினைத்தால் எண் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் வேகத்தோடு சேர்த்து வேறு எதையோ மாற்றிவிட்டீர்கள்.

இரண்டையும், எழுதிய வரிகளை ஓடுகிற ஃபைலாக மாற்றுகிற ஒரே கம்பைலரில், ஒரே தெரிவுகளோடு, ஒரே நாளில் கட்டுங்கள். பழையதை இணையத்திலிருந்து இறக்கி, புதியதைச் சொந்தக் கணினியின் சி.பி.யுவுக்கு ஏற்றபடி கட்டினால், நீங்கள் அளப்பது உங்கள் மூளையை அல்ல, கம்பைலரை. குறுகிய நேர ஆட்டத்தில் வேகம் இரட்டித்தால் ஐம்பது அறுபது ஈலோ ஏறும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் வெறும் 5 சதவீத வேக வித்தியாசமே நாலு ஈலோவுக்குச் சமம். நீங்கள் தேடுகிற முன்னேற்றமே அவ்வளவுதான்! நிலைகளை மதிப்பிட நரம்பியல் வலையமைப்பு ஃபைல் பாவிக்கிற எஞ்சின் என்றால் அந்த ஃபைல் சரியாக ஏறியதா என்பதையும் பாருங்கள். சில எஞ்சின்கள் ஃபைலைக் காணாவிட்டால் வாய் திறக்காமல் பழைய மதிப்பீட்டுக்குப் போய்விடும்.

ஆட்டத்தை நடத்துவதற்குக் கியூட்செஸ்ஸின் கட்டளைவரிப் பதிப்பு அல்லது ஃபாஸ்ட்செஸ் போதும். இரண்டும் இலவசம். பலகையை வரைந்து காட்டுகிற ப்ரோகிராமை இதற்குப் பாவிக்க வேண்டாம், அது வரைவதற்கே சி.பி.யுவைத் தின்னும். எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரெட், 16 மெகாபைட் ஹாஷ். எதிராளியின் நேரத்தில் யோசிக்கிற வசதி கண்டிப்பாக நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு கோரில் இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் யோசித்தால் ஒன்றின் வாயிலிருந்து மற்றது பிடுங்கித் தின்னும். சமகால ஆட்டங்களின் எண்ணிக்கை உண்மையான கோர்களில் ஒன்றைக் கழித்தது. எட்டுக் கோர் என்று விண்டோஸ் காட்டுவதை நம்பக்கூடாது, அதில் பாதி பெரும்பாலும் ஹைப்பர்திரெடிங் தருகிற நிழல். புதிய லப்டொப்புகளில் வேகமான கோரும் மெதுவான கோரும் கலந்திருக்கும். ஃபாஸ்ட்செஸ்ஸில் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு கோரோடு கட்டிவைக்கிற வசதி உண்டு, வேகமான கோர்களை மட்டும் கொடுங்கள்.

தொடக்க நிலைகள்தான் அதிகமானோர் சறுக்குகிற இடம். வெறும் தொடக்கப் பலகையிலிருந்து விட்டால் எஞ்சின்கள் ஏறத்தாழ ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். ஆயிரம் ஆட்டம் என்று எண்ணிக்கை காட்டும், உண்மையில் முப்பது நாற்பது வகைதான் இருக்கும். அதனால் பல்லாயிரம் நிலைகள் உள்ள ஓப்பனிங் புத்தகம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு நிலையையும் இரண்டு தரம் ஆடவிட வேண்டும்: ஒரு தரம் புதியது வெள்ளை, மறுதரம் புதியது கறுப்பு. கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சிக்கும் கொம்பு பார்த்துத் தெரிவது போல இங்கே ஆளுக்கொரு கொம்பு தெரிய விடுவதில்லை. இரண்டு சேரியும் இரண்டு கொம்பையும் மாறி மாறி இழுக்க வேண்டும்.

எந்தப் புத்தகம் என்பது எஞ்சினின் பலத்தைப் பொறுத்தது. புது எஞ்சின் என்றால் சமமான நிலைகளே போதும், பிழைகள் தாராளமாக விழும், வெற்றி தோல்வி வரும். பலமான எஞ்சின்கள் சமமான நிலையிலிருந்து ஆடினால் பத்தில் ஏழெட்டு சமநிலையில் போய் முடியும். சமநிலை ஆட்டம் இரண்டில் எது பலம் என்று ஒன்றும் சொல்லித் தராது. அதற்காகத்தான் ஸ்டெஃபான் போல் தொகுத்த, வெள்ளைக்குச் சற்றுக் கூடிய வாய்ப்புள்ள சமனற்ற நிலைகள். வெள்ளை வெல்லுமா சமநிலையா என்று விளிம்பில் நிற்கிற நிலை அது. பலமான எஞ்சின் வெள்ளையில் வெல்லும், கறுப்பில் தப்பும்.

இந்த இடத்தில் புள்ளிவிபரம் கொஞ்சம் மாறுகிறது. சமனற்ற நிலையில் இரண்டு தரமும் வெள்ளையே வென்றால் ஆளுக்கொரு புள்ளி; அந்தச் சோடி எதையும் நிரூபிக்கவில்லை. தனி ஆட்டங்களாக எண்ணினால் அது ஒரு வெற்றி ஒரு தோல்வி என்று பெரிய ஏற்ற இறக்கமாகத் தெரியும், பிழை எல்லை தேவையில்லாமல் விரியும். அதனால் சோடியாக எண்ண வேண்டும்: சோடிக்கு 0, அரை, 1, ஒன்றரை, 2 என்று ஐந்து விளைவு. ஃபாஸ்ட்செஸ் இந்த ஐந்தையும் தனித்தனியாகக் காட்டும். சமனற்ற புத்தகம் பாவிக்கிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும், வெற்றி தோல்வி சமநிலை வரியை அல்ல.

தராசைச் சரிபார்த்தல்

மீன் நிறுக்க முதல் வெறுந்தராசு நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறோம். இங்கேயும் அப்படி ஒன்று உண்டு. பழைய பதிப்பை அதே பழைய பதிப்போடு 2,000 ஆட்டம் விடுங்கள். பிழை எல்லை 11 ஈலோ அளவில் இருக்கும். விடை அதற்குள் சுழியத்தைச் சுற்றி வர வேண்டும். 30 ஈலோ வித்தியாசம் காட்டினால் ஏற்பாட்டில் கோளாறு. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஹாஷ் அளவு போய்ச் சேரவில்லை, அல்லது நிறம் மாற்றுவது நடக்கவில்லை, அல்லது புது ஆட்டம் தொடங்கும்போது எஞ்சின் பழைய ஹாஷைத் துடைக்கவில்லை.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு பக்கத்தை நோகடியுங்கள். ஒன்றுக்கு 8 செக்கன், மற்றதுக்கு 4 செக்கன். குறைந்த நேரக்காரன் தெளிவாகத் தோற்க வேண்டும், 500 ஆட்டத்திலேயே தெரியும். தோற்காவிட்டால் எஞ்சின் தனக்குக் கொடுத்த நேரத்தைப் பாவிக்கவே இல்லை என்று அர்த்தம். நேர முகாமைத்துவ வரிகளில் பூச்சி (பிழை) இருப்பதை இந்தச் சின்னப் பரிசோதனை பிடித்துத் தருவது போல வேறு எதுவும் தராது. இந்த இரண்டையும் செய்யாமல் நேரே பத்தாயிரத்துக்குப் போகிறவர்கள்தான் பிறகு முழுவதையும் அழித்துத் திரும்ப ஓட்டுவது.

இனி முக்கியமான விஷயம்: எப்போது நிறுத்துவது? ஓடிக்கொண்டிருக்கும்போது எட்டி எட்டிப் பார்த்து, முன்னுக்கு நிற்கிற நேரம் பார்த்து நிறுத்துவதைவிடப் பெரிய சுயஏமாற்று இதில் கிடையாது. 5 சதவீதம்தான் தவறு வரும் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு, நடுவில் பத்துத் தரம் பார்த்து, எந்தத் தரமாவது தேறினால் நிறுத்துவது என்று போனால், அந்த 5 உண்மையில் 19 சதவீதம் ஆகிவிடுகிறது. ஐந்து மாற்றம் பரிசோதித்தால் ஏறக்குறைய ஒன்று சும்மா தேறும்.

எட்டிப் பார்க்காமல் இருக்க மனிதரால் முடியாது. அதனால் பார்த்தாலும் பிழை வராத முறையைப் பாவிக்க வேண்டும். ஏப்ரகாம் வால்ட் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவாக்கிய தொடர் விகிதச் சோதனை அதுதான், எஞ்சின்காரர் எஸ்.பி.ஆர்.டி என்பார்கள். தொடங்க முதல் இரண்டு எல்லை எழுத வேண்டும். முன்னேற்றம் 0 என்பது ஒன்று, 5 ஈலோ என்பது மற்றது என்று வையுங்கள். தவறுக்கான இரண்டு வாய்ப்பையும் 0.05 என்று வைத்தால், ஆட்டம் நடக்க நடக்க எல்.எல்.ஆர் என்ற, சான்று எந்த எல்லைப் பக்கம் சாய்கிறது என்று காட்டுகிற ஒரு எண் ஏறி இறங்கும். அது 2.94ஐத் தொட்டால் மாற்றம் தேறியது. கழித்தல் 2.94ஐத் தொட்டால் தூக்கி எறிய வேண்டியது. இடையில் எங்கே நின்றாலும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2.8 வந்துவிட்டது, போதும் என்று நிறுத்துவது எட்டிப் பார்த்து நிறுத்துவதற்குச் சமம்தான். 2.8க்குப் போய்த் திரும்பிக் கீழே விழுந்த பரிசோதனை எத்தனையோ.

எத்தனை ஆட்டம் எடுக்கும்? பாதி சமநிலை என்ற அதே கணக்கில், 0க்கும் 5க்கும் இடையிலான சோதனை, மாற்றம் உண்மையில் 5 ஈலோ என்றால் சராசரியாக 13,000 ஆட்டத்தில் முடியும். உண்மை 20 ஈலோ என்றால் 2,000 போலப் போதும். மிக மோசம் நடுவில் நிற்கிற இரண்டரை ஈலோ. 21,000 வரை இழுக்கும், பிறகும் எந்தப் பக்கம் விழும் என்பது காசு சுண்டுவதுதான். எஞ்சின் இளசு என்றால் 0க்கும் 10க்கும் வைத்துக்கொள்ளுங்கள், மிக மோசமான அந்த எண்ணிக்கை நாலில் ஒன்றாகும். எழுதிய ப்ரோகிராம் வரிகளைச் சுத்தப்படுத்துகிறீர்கள், பலம் கூடத் தேவையில்லை, குறையாமல் இருந்தால் போதும் என்றால் எல்லைகளைக் கழித்தல் 5க்கும் 0க்கும் மாற்றுங்கள். முன்னேற்றத்துக்கான எல்லையை வைத்துச் சுத்தப்படுத்தலைச் சோதித்து, தேறவில்லை என்று நல்ல வரிகளை எறிகிறவர்களும் இருக்கிறார்கள்.

தேறியபின் காட்டுகிற ஈலோ எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சோதனை அதிர்ஷ்டமான பக்கத்தில் நின்ற கணத்தில்தான் முடிந்திருக்கும், ஆகவே அது கொஞ்சம் ஊதியிருக்கும்.

வெயில், கரண்ட், மின்னல்

மட்டக்களப்பில் இருந்து செய்கிறவர்களுக்குப் புத்தகத்தில் இல்லாத சில சங்கதிகள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் லப்டொப் முழுச் சுமையில் ஓடினால் சி.பி.யு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது இரண்டு எஞ்சினுக்கும் பொதுவாக விழுவதால் விடை ஒரு பக்கமாகச் சாயாது. ஆனால் 0.08 செக்கன் என்ற குறுகிய நேரத்தில் ஒரு தடுமாற்றம் வந்தாலே நேரம் போய்த் தோற்கிற ஆட்டங்கள் கூடும். டர்போ வேகத்தை நிறுத்திவிடுவது நல்லது; வேகம் குறைவாக இருந்தாலும் பகலும் இரவும் ஒன்றாக இருக்கும். லப்டொப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி, மேசை விசிறியைப் பக்கத்தில் வையுங்கள். மெத்தையில் வைக்கவே கூடாது. கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்று விசிறிச் சிறகில் தூசியை ஒட்டவைக்கும், மாதம் ஒருதரம் துடைக்கலாம்.

கரண்ட் செலவு பயப்படும் அளவில்லை. 45 வாட் எடுக்கிற லப்டொப் 24 மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூட. ஆனால் மாதம் முழுக்க ஓடினால் 32 யூனிட். படிமுறையாக ஏறுகிற கட்டணத்தில் வீட்டு பில் அடுத்த படிக்குத் தாவலாம். வீட்டில் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

கரண்ட் போனால் லப்டொப்புக்கு பட்டரி இருக்கிறது, ஆனால் பட்டரியில் சி.பி.யு வேகம் குறையும்படி விண்டோஸ் வைத்திருக்கும், அந்த அமைப்பை மாற்றுங்கள். மேசைக் கணினிக்குச் சின்ன யு.பி.எஸ் ஒழுங்காக நிறுத்துவதற்குத்தான் காணும், ஓட்டுவதற்கல்ல. மாரி தொடங்க முந்திய இடிமின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிடுவதே புத்தி. ஓட்டம் நடுவில் நின்றால் பதற வேண்டியதில்லை: முடிந்த சோடிகளின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, தனித்து நிற்கிற அரைச் சோடி ஆட்டத்தை நீக்கிவிட்டு, மீதியை ஓட்டி இரண்டையும் கூட்டி எல்.எல்.ஆர் கணக்கிடலாம். ஃபாஸ்ட்செஸ் நிலையைச் சேமித்துத் தொடரவும் விடும். இரண்டு விஷயம் கவனம். விடை பிடிக்காத முதல் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கக்கூடாது. மற்றது, நிலைகளைக் கலைக்கிற ரண்டம் எண்ணின் சீட் (தொடக்க எண்) ஒன்றாகவே இருந்தால் இரண்டாம் ஓட்டமும் அதே நிலைகளை அதே வரிசையில் ஆடும், சீட்டை மாற்றுங்கள்.

இரவில் ஓடவிட்டுப் படுக்கிறவர்கள் தூக்க நிலை, தானாக நடக்கிற விண்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன் மூன்றையும் நிறுத்துங்கள். யூடியூப் பார்த்துக்கொண்டு ஓட்டவே வேண்டாம்.

முடிந்தபின் பார்க்க வேண்டியது

ஈலோவைப் பார்க்க முதல், ஆட்டங்கள் பதிவாகியிருக்கிற பி.ஜி.என் ஃபைலைத் திறந்து ஆட்டங்கள் எப்படி முடிந்தன என்று தேடுங்கள். நேரம் போய்த் தோற்றது, எஞ்சின் செத்துப்போனது, சட்டத்துக்கு மாறான நகர்த்தல் என்று மூன்று வகை. ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு நேரத் தோல்வி பரவாயில்லை. பத்து இருபது என்றால், அதிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால், அந்த விடை குப்பைக்கு. நகர்த்தலை அனுப்புவதற்கு ஒதுக்குகிற மிகைநேரத்தை 10 மில்லிசெக்கன் கூட்டிப் பாருங்கள். எஞ்சின் சாவது ஒரே ஒரு தரம் நடந்தாலும் விடக்கூடாது. பதினாயிரத்தில் ஒன்றாக வருகிற பூச்சிதான் பிடிக்கக் கஷ்டமானது, இங்கே அது ஆட்டத்தோடு பிடித்துக் கையில் தரப்பட்டிருக்கிறது. அந்த நிலையை எடுத்து அதே நேரத்தில் திரும்ப ஓட்டுங்கள்.

நேரத்தை மிச்சம்பிடிக்க ஆட்டத்தை நடுவிலே முடித்து வைக்கிற விதிகள் பாவிப்பது வழக்கம்: ஒரு பக்கம் தொடர்ந்து மூன்று நகர்த்தலுக்கு நாலு சிப்பாய் அளவு பின்னுக்கு என்றால் தோல்வி, 40ஆம் நகர்த்தலுக்குப் பிறகு எட்டு நகர்த்தல் சுழியத்துக்குக் கிட்ட என்றால் சமநிலை. நல்லதுதான், மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட மிஞ்சலாம். ஆனால் நீங்கள் மாற்றியதே மதிப்பீட்டின் அளவுகோல் என்றால் புதியதன் நாலு சிப்பாயும் பழையதன் நாலு சிப்பாயும் ஒன்றல்ல. தோல்விக்கு இரண்டு எஞ்சினும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற தெரிவைப் போடுங்கள். முடிவாட்டத்தைத் திருத்தியிருந்தால் இந்த விதிகளை முழுதாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் திருத்திய இடத்துக்கு ஆட்டம் போகவே போகாது. சில காய்களே மிஞ்சிய நிலைகளின் சரியான விடையைத் தருகிற சிசிஜி முடிவாட்ட அட்டவணையை வைத்து முடிப்பது இதைவிட நேர்மையானது. ஐந்து காய் வரைக்குமானது ஏறத்தாழ 1 கிகாபைட், மொபைல் டேட்டாவிலேயே இறக்கலாம். ஆறு காய் 150 கிகாபைட், விட்டுவிடுங்கள்.

புதிர் நிலைகளைக் கொடுத்து எத்தனை தீர்க்கிறது என்று எண்ணுகிற பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. 24 நிலைகள் கொண்ட பிராட்கோ-கோபெக் தொகுதி 1982இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பூச்சி பிடிக்க நல்லது. பலம் அளக்க உதவாது: பலி கொடுக்கிற நகர்த்தல்களுக்கு ஆழம் கூட்டினால் புதிர் அதிகம் தீரும், ஆட்டத்தில் தோற்கும். ஆழத்தை நிலையாக வைத்து மோதவிடுவதும் அப்படியே. மதிப்பீட்டைப் பாரமாக்கி வேகத்தைக் கொன்ற மாற்றம் அதில் வென்றுவிடும், கடிகாரம் இல்லையே.

8 செக்கனில் தேறிய மாற்றத்தை 40 அல்லது 60 செக்கனில் ஒருதரம் போடுங்கள், ஹாஷை 64 மெகாபைட்டாக்கி. கிளைகளை வெட்டுகிற, ஆழத்தைக் குறைக்கிற மாற்றங்கள் குறுகிய நேரத்தில் மின்னிவிட்டு நீண்ட நேரத்தில் மங்குவது உண்டு. மற்றவகை மாற்றங்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே பக்கம்தான் நிற்கும், ஆகவே கரண்டும் நேரமும் குறைவானவர்கள் வெட்டுகிற மாற்றங்களுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும் என்பது என் எண்ணம்.

அடுத்த சந்தேகம்: தன் பழைய பதிப்போடு மட்டுமே மோதினால் போதுமா? ஒரே வீட்டுப் பிள்ளைகள் மோதும்போது சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். மற்றதெல்லாம் ஒன்று, ஒரு ஆழம் கூடப் பார்க்கிறவன் எப்போதும் மற்றவனைப் பிடித்துவிடுவான். வெளி எஞ்சின்களோடு அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கும். ஆனால் வெளியாரோடு அளப்பது விலை கூடியது. பழையதும் புதியதும் தனித்தனியே அந்நியர்களோடு ஆட வேண்டும், இரண்டின் பிழையும் சேரும். அதே துல்லியத்துக்கு மொத்தம் நாலு மடங்கு ஆட்டம். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைச் செய்ய வேண்டாம். தேறிய மாற்றங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தபின், பலத்தில் கிட்ட நிற்கிற ஐந்தாறு வெளி எஞ்சின்களைத் தெரிந்து இரண்டு பதிப்பையும் மோதவிட்டு, ஈலோ கணக்கிடுகிற ப்ரோகிராம்களான ரெமி கூலோமின் பேயஸ்ஈலோவிலோ, அல்லது ஓர்டோவிலோ கணக்குப் பாருங்கள். நூறு ஈலோவுக்கு மேல் வித்தியாசமுள்ள எஞ்சினைத் தெரிய வேண்டாம், ஒருபக்க ஆட்டங்கள் அளப்பதற்கு ஒன்றும் தராது.

அந்தப் பன்னிரண்டு மாற்றங்களின் தனித்தனி ஈலோக்களைக் கூட்டினால் 60 வரும் என்று வையுங்கள். முதல் பதிப்பையும் கடைசிப் பதிப்பையும் நேரே 60 செக்கன் ஆட்டத்தில் 2,500 விட்டால் 40 வரும், பிழை எல்லை 10. மிச்ச 20 எங்கேயும் தொலையவில்லை, அது பெரும்பாலும் இருந்ததே இல்லை: தேறியதை மட்டும் பொறுக்கிக் கூட்டியதில் வந்த வீக்கம். பதிப்பை வெளியிடும்போது எழுத வேண்டியது 40. கூடவே நேரம், ஹாஷ், புத்தகத்தின் பெயர், ஆட்ட எண்ணிக்கை.